பழைய கிட்னியையும் பார்க்கச் சொல்லுங்கள்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் அண்ணே. மாற்றுக் கிட்னி வைத்துக்கொண்ட பலருக்கே இது தெரியாது: கெட்டுப்போன பழைய கிட்னிகளைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து, அதன் குழாயைச் சிறுநீர்ப்பையில் தைத்துவிடுவார்கள். பழசு இரண்டும் சுருங்கிப்போய் முதுகுப்பக்கம் அங்கேயேதான் இருக்கும். செக்கப்புக்குப் போனால் கிரியேட்டினின் எவ்வளவு, டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு எவ்வளவு என்று பேச்செல்லாம் புதியதைப் பற்றியே. ஆனால் கிட்னியில் புற்று வந்தால், அது பெரும்பாலும் பழசில்தான் வருகிறது.

முதல் காரணம் நீங்கள் தினமும் போடும் மாத்திரைகள். உடம்பில் அவ்வப்போது தப்பும் தவறுமாக உருவாகும் செல்களை எதிர்ப்பு சக்தி கண்டுபிடித்து அழித்துவிடும். புதிய கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க, அதே சக்தியைத்தான் இந்த மாத்திரைகள் அடக்குகின்றன. அதனால் மொத்தத்தில் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட 2, 3 மடங்கு ஆகிறது. அதற்குப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கிட்னியே போய்விடும். இரண்டாவது காரணம், டயாலிசிஸில் பல வருஷம் இருந்தவர்களுக்குப் பழைய கிட்னியில் நீர்க்கட்டிகள் வரும். அவற்றில் சில புற்றாக மாறலாம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் சிறுநீர்ப்பைக்கும் ஆபத்து.

கிட்னி எதனால் கெட்டது என்பதும் முக்கியம். பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரத்து கிளினிக் ஒன்றில் 1990களின் தொடக்கத்தில் உடம்பு இளைக்க சீன மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். பெயர் ஒத்துப்போனதால் ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா என்ற வேறொரு செடியின் வேர் அதில் கலந்துவிட்டது. சாப்பிட்ட பெண்கள் பலருக்குக் கிட்னி செயலிழந்தது. பிறகு டயாலிசிஸிலும் மாற்றுக் கிட்னியோடும் இருந்தவர்களில் 39 பேருக்கு, முன்னெச்சரிக்கையாகப் பழைய கிட்னிகளையும் சிறுநீர்க் குழாய்களையும் எடுத்துப் பரிசோதித்தார்கள். 18 பேருக்குப் புற்று. 19 பேருக்குச் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. சுத்தமாக இருந்தது 2 பேருக்கு மட்டும். 2000ஆம் ஆண்டு இது வெளியானபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது. மூலிகையை நிறுத்திப் பல வருஷம் ஆகியும் அந்த விஷம் செல்லின் மரபணுவில் போட்ட தடம் அழியவில்லை.

நம் ஊர் ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே அரிஸ்டோலோக்கியா குடும்பம்தான். பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்று இனி யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக் குடிக்காதீர்கள். முன்பு சாப்பிட்டிருந்தால் நெஃப்ராலஜிஸ்ட்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம். எனக்கு அதுதான் வேதனை.

அடுத்தது அறிகுறி. வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போனால் சூடு என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஒருமுறை வந்து தானாக நின்றாலும் போய்க் காட்டுங்கள். கிருமித்தொற்று என்று மருந்து கொடுத்து மறுபடி மறுபடி வந்தால், சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். இன்னொன்று, பழைய கிட்னியில் சிறுநீர் அதிகம் ஊறாததால் அங்கே கட்டி இருந்தாலும் சில சமயம் ரத்தம் வெளியே தெரியாது. அதனால் அடுத்த முறை ஸ்கேன் எடுக்கும்போது, "பழைய கிட்னி இரண்டையும் பாருங்க டாக்டர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் சிறுநீர்க் குழாய் முழுதாகத் தெரியாது. சந்தேகம் இருந்தால் சிடி தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் கட்டியோடு அந்தப் பழைய கிட்னியையே எடுத்துவிடலாம். அது வேலை செய்யாத கிட்னி என்பதால் உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. சிறுநீரைப் பிரிக்கப் புதியது இருக்கிறது.