பழைய பென்ஸ் வாங்குமுன்

பழைய மோட்டார் கார் வாங்கச் செல்வோர் முதலிற் கேட்பது, "எந்த ஆண்டு வண்டி?" என்பதே. பிந்திய ஆண்டாயின் நன்று என்பது அவர்கள் கணக்கு. 1984ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான மேர்ஸிடீஸ் பென்ஸ் டபிள்யூ 124 வகைக் காரில் இக்கணக்குப் பொய்த்துவிடுகிறது.

உறுதிக்குப் பேர்போன வண்டிதான். ஆயினும் 1992 முதல் 1995 வரை வெளிவந்த பெற்றோல் வண்டிகள் பலவற்றில், எஞ்சின் மின்கம்பிகளின் மேலுறை வெப்பத்தினாற் காய்ந்து பொருக்காக உதிர்கின்றது. கம்பியோடு கம்பி தொட்டால் எஞ்சின் தடுமாறும். அதனை ஆளும் மின்னணுப் பெட்டியும் பழுதாகலாம். கம்பித் தொகுதி ஒரு செலவு. பெட்டி வேறொரு செலவு. மலிவென்று வாங்கியவர் மீண்டும் கடன்பட நேரும். 1989ஆம் ஆண்டு வண்டியிலோ இத்தொல்லை இல்லை.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று, எஞ்சினை நிறுத்தியபின் ஒரு கம்பியை மெல்ல வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறை வெடித்தால், புதிய தொகுதியின் விலையை விசாரித்து, அதனைக் கழித்தே பேரம் பேசுங்கள். சிலிண்டர் தலையின் அடியில் எண்ணெய்க் கசிவும், ஜாக் வைக்கும் இடங்களில் துருவும் உண்டா என நோக்குக. நம்மவர் பெரும்பாலும் வண்ணப்பூச்சைத்தான் தடவிப் பார்க்கின்றனர்! கம்பி முன்னரே மாற்றப்பட்டதென விற்பவர் கூறினால், பற்றுச்சீட்டைக் கேட்கக் கூச்சப்படவேண்டாம்.