எத்தனை நாளில் மீளும்?

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஆறு கிடையாது. செம்மண் தோட்டங்களுக்குக் கிணற்று நீரே கதி. ஆனாலும் அங்கிருந்து தெற்கே போகும் மரக்கறி லொறியும், கொழும்பிலிருந்து வரும் மாவும் மருந்தும் கடல்நீரேரியைக் கடந்தே ஆக வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் பெருவீதிகள் இரண்டுதான்: ஆனையிறவு வழியாக ஏ9, சங்குப்பிட்டி வழியாக ஏ32.

2006 ஆகஸ்டில் போரினால் ஏ9 மூடப்பட்டது. சங்குப்பிட்டியில் அப்போது பாலமே இல்லை. அரிசிக்கும் சீனிக்கும் பால்மாவுக்கும் குடாநாடு கப்பலைப் பார்த்துக் காத்திருந்தது; விலைகள் பல மடங்காக ஏறின. வீதி அறுந்தால் என்ன நேரும் என்பதை அங்குள்ளவர்களுக்கு எந்தப் பொறியியலாளரும் விளக்க வேண்டியதில்லை.

பொறியியலாளர்கள் செய்வது, அந்த இழப்பை அளப்பது. பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது பழைய கேள்வி. இடர் வந்தபின் அது எவ்வளவு பயனைத் தருகிறது, முழுப் பயனுக்குத் திரும்ப எத்தனை நாளாகிறது என்பவை புதிய கேள்விகள். இப்படி மீளும் ஆற்றலையே மீள்திறன் என்கிறார்கள். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷெல் புரூனோவும் சக ஆய்வாளர்களும் 2003இல் நிலநடுக்கத்துக்காக வகுத்த முறை இதற்கு அடிப்படையானது. அதன்படி, ஒரு பாலம் பத்து நாள் முற்றாக மூடிக்கிடந்தால் இழப்பு பத்து நாள். இன்னொரு பாலம் விழவில்லை. ஆனால் முப்பது நாள் பாதி வாகனங்களையே விட முடிந்தது என்றால் இழப்பு பதினைந்து நாள். நின்ற பாலத்தைவிட, அறுந்தும் விரைவில் மீண்ட பாலமே ஊருக்குக் குறைந்த நட்டத்தைத் தந்திருக்கிறது.

இந்தக் கணக்குக்குத் தமிழ்நாட்டின் பாம்பனைப் போன்ற சாட்சி வேறில்லை. 1964 டிசம்பரில் வட இலங்கையையும் தனுஷ்கோடியையும் சிதைத்த அதே புயல், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்களைக் கடலில் தள்ளியது. சீரமைப்புப் பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளரிடம் வந்தது. கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி மீட்டு, 46 நாளில் பாலத்தை இணைத்தார்கள். புதிதாகச் செய்து கொண்டுவரக் காத்திருந்தால் மாதக்கணக்காகியிருக்கும். பின்னாளில் அங்கே காற்றுமானியும் வந்தது: அந்தப் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீற்றரை எட்டினால் ரயிலை நிறுத்திவிடும் வழக்கம் இருந்தது. எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்பதை முன்னரே தெரிந்துவைத்திருப்பதும் மீள்திறன்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையின் வீதிகளையும் பாலங்களையும் பெருமளவில் உடைத்தது. பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில், இந்தியாவிலிருந்து வந்த 120 அடி பெய்லி பாலம் டிசம்பர் 23ஆம் திகதி திறக்கப்பட்டது. துண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்தும் இரும்புப் பாலம் அது. நிரந்தரப் பாலத்துக்கு ஈடாகாது. ஆனால் வழி அடைபட்ட நாட்களைக் குறைக்கும். அப்படிப்பட்ட பாலங்கள் வடக்கிலேயே தயாராக இருந்தால் இன்னும் சில நாட்கள் மிச்சமாகும்.

மாற்று வழியும் அளவுகோலில் சேரும். சங்குப்பிட்டியில் 288 மீற்றர் நீளப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டபோது குடாநாட்டுக்கு இரண்டாவது வாசல் கிடைத்தது. அதன் பெரும் பயன் மன்னாருக்கான தூரம் குறைந்தது மட்டுமல்ல. ஏ9 அடைபடும் நாளில் அது திறந்திருக்கும் என்பதே. ஆனால் 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்ட ரயில் பாதையை மூன்றாவது வாசலாக எண்ணுவது தவறு. அது ஏ9 செல்லும் அதே ஆனையிறவுத் தரைக்கீற்றால்தான் போகிறது. ஒரே வெள்ளம் இரண்டையும் மறிக்கக்கூடும். வரைபடத்தில் தடங்கள் மூன்று. இடரின் கணக்கில் இரண்டு.

அளப்பதற்குப் பெரிய கருவிகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாரி தொடங்குமுன் தூண்களின் அடியில் நீர் மண்ணை அரித்திருக்கிறதா என்று பார்க்கலாம். உலகெங்கும் பாலங்களை வீழ்த்தும் முதன்மைக் காரணங்களில் அந்த அரிப்பும் ஒன்று. ஒவ்வொரு பாலத்துக்கும் மதகுக்கும் ஒரு பதிவேடு போதும்: எப்போது மூடப்பட்டது, எப்போது பாதி திறந்தது, எப்போது முழுதாகத் திறந்தது, அதுவரை வாகனங்கள் எவ்வழியே போயின. பத்து மாரிக்கு அப்படி எழுதி வந்தால், அடுத்த நிதியை முதலில் எந்தப் பாலத்துக்கு ஒதுக்குவது என்பதை அந்தப் பதிவேட்டைப் புரட்டியே முடிவு செய்யலாம்.