எட்டுக்கு எட்டுப் புள்ளி

போன வருடம் தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, என் அக்கா மகள் தான் வரைந்த கோலப் பலகையை இணையச் சந்தையில் விற்பனைக்குப் போட்டாள். இரண்டடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகை. கரும்பழுப்புப் பூச்சின் மேல் வெள்ளை அக்ரிலிக்கில் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம். கம்பி இரண்டு மில்லிமீட்டர் தடிமன். ஓரம் முழுக்கக் குங்குமச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் மெல்லிய வரிகள், அவையும் இரண்டிரண்டு மில்லிமீட்டர்தான். நான்கு இரவு உட்கார்ந்து வரைந்திருந்தாள்.

படம் ஏறிய கொஞ்ச நேரத்தில் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “மாமா, கோடெல்லாம் எங்க போச்சு? ஓரத்துல பாருங்க, நான் போடாத பட்டையெல்லாம் தெரியுது.”

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். பொருள்களை வரிசையாகக் காட்டும் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கியிருந்த அந்தப் படத்தில் கம்பி அங்கங்கே அறுந்திருந்தது. ஓரத்தில் மெல்லிய வரிகளைக் காணோம். அந்த இடத்தில் தடித்த அலைகள் நெளிந்தன.

என் அம்மாவுக்கு இது பெரிய குற்றமாகப் பட்டது. மலேசியாவில் நாங்கள் இருக்கும் பாரோய், சிரம்பானிலிருந்து கோலாப்பிலா போகும் சாலையில் இருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றைக்குக் குடியிருப்புத் தாமான்களாக இருக்கும் எத்தனையோ இடங்கள் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள். விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடிய அவசரத்திலும் லயத்து வாசலில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் போன தலைமுறை அம்மாவுடையது. ஒரு கோலத்தைப் பார்த்தால் அழகாக இருக்கிறது, இல்லை என்றெல்லாம் அம்மா உடனே சொல்லமாட்டார். ஒரு புள்ளியருகே விரலை வைத்துக் கம்பியோடு கூடவே போவார். தொடங்கிய இடத்துக்கே விரல் வந்து நின்றால்தான் அது கோலம். பேத்தியின் பலகையிலும் அப்படித்தான் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். போனில் இருந்த கோலத்திலோ மூன்றாவது வளைவுக்கு மேல் போக முடியவில்லை.

இது வெறும் போன் கோளாறு இல்லை. ஒரு கைவேலையின் மாதிரிப் படத்தை உலகத்துக்குக் காட்டும்போது நடக்கிற காரியங்களில் மனிதக் கண்ணின் இயல்பும் அலைகளின் கணக்கும் பின்னிக் கிடக்கின்றன. அந்தக் கணக்கின் ஒரு நுனியைப் பிடித்துப் போனால் சென்னைக்கும் தாம்பரத்துக்கும் வந்து சேர்கிறோம்.

முதலில் அந்த அலைகள். அவள் எடுத்த படத்தைச் சதுரமாக வெட்டிய பிறகு நீளத்தில் 3,000, அகலத்தில் 3,000 என மொத்தம் 90 லட்சம் படப்புள்ளிகள் இருந்தன. பலகை 60 சென்டிமீட்டர் என்பதால் ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்து புள்ளி. இரண்டு மில்லிமீட்டர்க் கம்பிக்குக் குறுக்கே பத்துப் புள்ளி கிடைத்தது, தாராளம். வரிசைப் பக்கத்துச் சிறு படமோ 200-க்கு 200, அதாவது 40,000 புள்ளிகள்தான். பெரிய படத்தின் 225 புள்ளிகளுக்குப் பதிலாக ஒரே ஒரு புள்ளி. அது பலகையில் மூன்று மில்லிமீட்டர்ச் சதுரத்துக்குச் சமம். கம்பியின் தடிமனே இரண்டுதான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால் அது சரி. ஒரு முழக் கோலத்தில் பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஓரத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளை இரண்டு, சிவப்பு இரண்டு என்று நான்கு மில்லிமீட்டருக்கு ஒருமுறை வரி திரும்ப வருகிறது. படமோ மூன்று மில்லிமீட்டருக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது. முதல் பார்வை வெள்ளையின் நடுவில் விழுந்தால், அடுத்தது சிவப்பின் விளிம்புக்குப் போகும், அதற்கடுத்தது சிவப்பின் நடுவுக்கு, பிறகு மறு விளிம்புக்கு. மறுபடி வெள்ளையின் நடுவைத் தொடுவதற்குள் 12 மில்லிமீட்டர் கடந்துவிடும். நான்கு மில்லிமீட்டர் வரி 12 மில்லிமீட்டர்ப் பட்டையாகத் தெரிந்த கதை இதுதான். அவள் அதை வரையவில்லை, இரண்டு தாளங்களும் மோதிக்கொண்டதில் அது பிறந்தது. தோட்டத்து ஓரமாக வண்டியில் போகும்போது பால்மர நிரைகள் திடீரென்று நேர்கோட்டில் திறந்து, மூடி, வேறு கோணத்தில் மறுபடி திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கொசுவலையை இரட்டையாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தாலும் இதே நெளிவு தெரியும்.

திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவத்தை ஏமாறாமல் பிடிக்க வேண்டுமானால், ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். தந்திக் கம்பிகளைப் பற்றி ஆராய்ந்த ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் இதற்கு அடித்தளம் போட்டார், கிளாட் ஷானன் 1949-இல் தேற்றமாக நிறுவினார். நம் பலகைக்கு இதைப் பொருத்தினால் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு பார்வை, அதாவது அகலத்தில் 300 புள்ளியாவது வேண்டும், அதுவும் விளிம்பில் நிற்கும் கணக்கு. 225-இல் ஒன்றை மட்டும் பொறுக்காமல் அத்தனையையும் பிசைந்து சராசரி எடுத்துச் சுருக்கும் முறையும் உண்டு. அப்படிச் செய்தால் பொய்ப் பட்டைகள் வெகுவாக மங்கிவிடும், ஓரம் ஏறக்குறைய வெறும் இளஞ்சிவப்பாகக் கலங்கி நிற்கும். இரண்டில் அதுவே மேல். அதனால் படத்தை அப்படியே ஏற்றிச் சந்தைக்காரரின் கணினி சுருக்கட்டும் என்று விடாமல், நல்ல செயலியில் நாமே சுருக்கி, கண்ணால் பார்த்துவிட்டு ஏற்றுவது நல்லது.

சிறு படத்தைச் சரிசெய்த பிறகு பெரிய படத்தில் வேறொன்றைக் கவனித்தாள். வெள்ளைக் கம்பியின் இரு பக்கமும் மங்கலான புழுதி. கோலமாவு விரலிடுக்கிலிருந்து சிந்தினாற்போல. பலகையைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தாள், புழுதி போகவில்லை. பலகையில் இருந்தால்தானே போகும்.

90 லட்சம் புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மும்மூன்று எண்ணை எழுதி வைத்தால் 2 கோடியே 70 லட்சம் பைட் ஆகும். யாரும் அதை அப்படியே அனுப்புவதில்லை. ஜேபெக் என்ற முறை அதைப் பத்தில் ஒரு பங்காகவோ இன்னும் சிறிதாகவோ ஆக்கிவிடுகிறது. 1992-இல் தரமாக அறிவிக்கப்பட்ட அந்த முறை இன்றும் நம் போன்களில் ஓடுகிறது. அது முதலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டில் அவ்வளவு நுணுக்கம் போதாது. அதனால் நிறத்தைப் பெரும்பாலும் நாலு புள்ளிக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டு, வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொள்ளும். சிவப்பு வரி கொஞ்சம் கலங்கும், கம்பி தப்பிக்கும்.

அடுத்து வருவதுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும் இடம். படம் முழுவதும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டப்படுகிறது. அவளுடைய படத்தில் அப்படி 1,40,625 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 64 புள்ளி. அந்த 64 புள்ளிகளில் எப்பேர்ப்பட்ட வடிவம் இருந்தாலும், அதை 64 அடிப்படை அலைக்கோலங்களின் கலவையாக எழுதிவிடலாம். முதல் கோலம் வெறும் சமதளம், கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தது இடமிருந்து வலம் மெல்ல இருளும் ஒரு சரிவு. பிறகு இரண்டு மேடு, மூன்று மேடு என்று போய், கடைசியில் பொடிப்பொடியான சதுரங்கக் கட்டம். எந்தக் கோலம் எவ்வளவு என்ற 64 எண்களைக் குறித்துக்கொண்டு, பொடி அலைகளுக்கான எண்களில் சிறியவற்றைப் பூஜ்யமாக்கிவிடுகிறது கணினி. கன்னத்துக்கும் வானத்துக்கும் இது வெகு பொருத்தம், பொடி அலைகள் அங்கே கிட்டத்தட்ட இல்லை. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குச் சட்டென்று பாயும் கோலக் கம்பி அப்படியல்ல. அந்தப் பாய்ச்சலைக் கட்டி எழுப்பவே பொடி அலைகள் அத்தனையும் வேண்டும். சிலவற்றைக் கழித்தால், மீதி அலைகள் ஒன்றையொன்று சரியாக அடக்க முடியாமல் கம்பியோரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும். சிந்திய மாவு அதுதான். படம் மறுபடி மறுபடி சுருக்கப்பட்டுப் பத்துக் கை மாறி வந்தால் எட்டுப் புள்ளிச் சதுரங்களே வெறும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

இந்த அலைக்கணக்கை உலகுக்குச் சொன்ன கட்டுரை 1974 ஜனவரியில் வெளியானது. எழுதியவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952-இல் பட்டம் பெற்ற கே. ஆர். ராவ். இந்த யோசனைக்கு நிதி கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அகமது 1972-இல் விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. யோசனை அளவுக்கு மீறி எளிமையாக இருப்பதாக மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அவரே பின்னாளில் எழுதினார். நிதி இல்லாமலே வேலையை முடித்தார்கள். இன்று உலகத்தில் யார் யாருக்குப் படம் அனுப்பினாலும் அநேகமாக அவர்களுடைய கணக்கின் வழியாகத்தான் அது போகிறது.

அதே 1974-இல் இன்னொரு கட்டுரை வெளிவந்தது. தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து எழுதியது. அதன் பொருளே கோலம்தான். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம், சில விதிகளைக் கொடுத்தால் ஒரு கோலத்திலிருந்து அதன் இனத்தைச் சேர்ந்த சிறிதும் பெரிதுமான எல்லாக் கோலங்களையும் கணினி வரையும் என்று காட்டினார்கள். வாசல் கோலம் கணினி அறிவியலின் ஒரு கிளைக்கே பாடப்பொருளாயிற்று.

இந்த இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அக்கா மகளின் பிரச்சினை எனக்கு முழுசாக விளங்கியது. சிரோமணி குழுவினர் கண்ட கோலம் ஒரு விதி. அம்மாவின் விரலுக்குத் தெரிந்த கோலமும் அதுதான், ஒரு பாதை. எங்கே திரும்புவது, எந்தப் புள்ளியைச் சுற்றுவது என்ற சில திருப்பங்களை மனதில் வைத்துக்கொண்டு எத்தனை பெரிய வாசலையும் நிறைக்கலாம். போனுக்கு அந்தப் பாதை தெரியாது. அதற்கு இருப்பது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான சதுரங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் வெளிச்சம். கம்பி ஒரு சதுரத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து போகிறது என்பதை அது அறியாது. அந்தத் தொடர்ச்சியைக் காப்பாற்றுவது படம் எடுப்பவர் பொறுப்பு. கோலத்தை விற்பவர்கள் தங்கள் மாதிரிப் படத்துக்கு வைக்க வேண்டிய சோதனை என் அம்மா வைத்த சோதனைதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அதற்குக் கோணமும் வெளிச்சமும் ஒத்துழைக்க வேண்டும். பார்க்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்ற ஊகத்தில்தான் கேமரா தன் அளவை வைக்கிறது. இன்றைய போன்கள் கெட்டிக்காரத்தனம் கூடியவை என்றாலும் அந்தச் சாய்வு முழுக்கப் போகவில்லை. கரும்பழுப்புப் பலகை சட்டம் முழுக்க நிறைந்திருந்தால், இடம் இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும். பலகை வெளிறும், வெள்ளைக் கம்பி பொங்கி வழிந்து பக்கத்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். திரையைத் தொட்டால் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும், கம்பி திரும்ப இறுகிவிடும். குங்குமச் சிவப்புக்கும் அதே மருந்து. ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரைதான் எண். சிவப்பு 255-ஐத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஏற இடமில்லாமல் தூரிகையின் தடமெல்லாம் ஒரே பூச்சாகிவிடும்.

வெளிச்சத்தில் அவள் செய்த தவறு, வாசலில் பகல் வெளிச்சமும் உள்ளே மஞ்சள் விளக்கும் சேர்ந்து விழ வைத்து எடுத்தது. நம் மூளை எந்த விளக்கின் கீழும் வெள்ளையை வெள்ளையாகவே காட்டும். கேமராவும் அப்படிச் செய்யப் பார்க்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு விளக்குக்குத்தான் திருத்தம் செய்ய முடியும். பலகையின் ஒரு பக்கம் நீலம் பாரித்து, மறு பக்கம் பழுத்துக் கிடந்தது. விளக்கை அணைத்துவிட்டு, மழைக்கு முந்திய காலை பத்து மணிக்கு, போர்ச் நிழலில் பலகையைச் சுவரில் சாய்த்து, போனைப் பலகைக்கு நேராகப் பிடித்து எடுத்ததும் வெள்ளை வெள்ளையானது.

படத்தை யாராவது எடுத்து அச்சடித்து விற்றுவிட்டால் என்ற பயம் அவளுக்கு இருந்தது. நியாயமான பயம். பழங்கோலங்கள் யாருக்கும் தனியுரிமை இல்லாதவை. அவள் தானாக அமைத்து வரைந்த கோலமும் அதை எடுத்த படமும் வேறு. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்து முடித்ததுமே உரிமை அவளுக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்தாக வேண்டும் என்றில்லை. ஆனாலும் பூட்டு வேண்டும் அல்லவா. குறுக்கே பெரிதாகப் பெயர் எழுதி வைத்தால் முதலில் வெட்டுப்படுவது கம்பிதான். அதைவிட அளவே நல்ல பூட்டு. தரமான அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 1,200 புள்ளி அகலமுள்ள படத்தைத் திருடி அச்சடித்தால் நாலு அங்குலம் வரும், உள்ளங்கை அகலம். அதே 1,200 புள்ளியில் நம் கம்பிக்குக் குறுக்கே நாலு புள்ளி கிடைக்கிறது. கண் தொடர்ந்து போக அது போதும். அசல் கோப்பு அவளிடம்.

கடைசியில் மூன்று படம் போட்டாள். முதலாவது முழுப் பலகை. இரண்டாவது, ஒரே ஒரு புள்ளியும் அதைச் சுற்றிவரும் கம்பியும் மட்டும், தூரிகை மயிரின் கீற்றுகூடத் தெரியும் அளவுக்குக் கிட்டே. மூன்றாவதில் பலகைக்குப் பக்கத்தில் தோட்டத்தில் ரப்பர்ப் பால் பிடித்த, அம்மா பத்திரமாக வைத்திருக்கும் பழைய மங்கு, பலகை எவ்வளவு பெரிது என்று பார்த்ததும் புரிவதற்காக. அந்த மங்கு எங்கள் வீட்டுப் படத்தில் வந்தது எனக்குத் தனிச் சந்தோஷம்.

முழுப் பலகைப் படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா வழக்கம்போல் ஒரு புள்ளியருகே விரலை வைத்து இழுத்தார். கம்பிக்குப் பதிலாகப் படமே விரலோடு நகர்ந்து போய்விட்டது. “என்னடி இது, ஓடுது?” என்றார். “தொடாமப் பாருங்க பாட்டி.” அம்மா கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, திரைக்கு ஓர் அரிசி உயரத்தில் விரலை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி புறப்பட்டார். வளைவுகளில் விரல் தயங்கியது, தயங்கித் திரும்பியது. வெகு நேரம் ஆனது. தொடங்கிய புள்ளிக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டு, “ம், இப்ப வந்துருச்சு” என்றார்.