காலித் தோட்டாவை எதில் கழுவுவது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக் கரையோரம் இருக்கிறது கேம்ப் பெரி. அந்நாட்டின் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் 1907இல் அங்கே இடம் மாறின. அங்கும் சரி, ஊருக்கு ஊர் இருக்கும் சிறிய சுடுதளங்களிலும் சரி, சுட்டு முடித்ததும் பலர் தரையில் குனிந்து தேட ஆரம்பித்துவிடுவார்கள். துப்பாக்கி வெளியே தள்ளிய பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிப் பையில் சேர்த்துக்கொள்வார்கள். மணலில் புதைந்து கிடப்பதைக்கூட விட மனம் வராது.

ஒரு தோட்டாவில் நான்கு பொருட்கள் உண்டு. முனையில் இருக்கும் குண்டு பறந்துவிடும். உள்ளே இருக்கும் மருந்து எரிந்துவிடும். அடியில் பதித்திருக்கும் பிரைமர், அதாவது ஊசி தட்டியதும் பொறி கிளப்பும் சின்னஞ்சிறு கிண்ணம், ஒருமுறைதான் வேலை செய்யும். மூன்றையும் தாங்கி நின்ற பித்தளைக் கூடு மட்டும் மிச்சம். பொதுவாக நான்கில் விலை கூடியதும் அதுதான். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அது. வெடிக்கும் கணத்தில் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிக் கழன்றுவருகிறது. வேட்டைக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் .308 வின்செஸ்டர் தோட்டாவில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை ஏறலாம். அதைத் தாங்கிய பிறகும் கூடு மறுபடி பயன்படுகிறது. அழுத்தம் குறைந்த கைத்துப்பாக்கிக் கூடுகள் பத்துத் தடவைக்கு மேலும் தாங்கும்.

இப்படி மீட்ட கூட்டில் புதுப் பிரைமர், புது மருந்து, புதுக் குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசு உரிமம் தேவையில்லை. தயாரித்து விற்பதைத் தொழிலாகக் கொண்டால்தான் தேவை. இந்தியாவில் நிலைமை வேறு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவிலோ இது தாத்தாவிடமிருந்து பேரன் கற்றுக்கொள்ளும் வீட்டுக் கைவேலை. கலிஃபோர்னியாவில் 1943இல் பிறந்த ஆர்சிபிஎஸ், நெப்ராஸ்காவில் 1949இல் தொடங்கிய ஹார்னடி போன்ற நிறுவனங்கள் இந்தப் பழக்கத்தை நம்பியே வளர்ந்தவை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகளில் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது புதிதாக இதில் இறங்கியவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோர் முன்னாலும் முதலில் வந்து நின்ற கேள்வி: பொறுக்கி வந்த அழுக்குக் கூடுகளை எதில் சுத்தம் செய்வது?

கடை விளம்பரங்கள் பதிலாகக் காட்டுவது தங்கம்போல் மின்னும் கூடுகளின் படத்தை. சுத்தம் செய்யும் காரணம் பளபளப்பு என்று அதைப் பார்ப்பவர் நினைத்துவிடுவார். உண்மைக் காரணங்கள் வேறு. விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர, அதை ஒரு கெட்டியான எஃகு அச்சுக்குள் அழுத்தி எடுக்க வேண்டும். கூட்டில் ஒட்டிய ஒரேயொரு மணல் துகள் அந்த அச்சின் உட்சுவரில் கீறிவிட்டால், அதன்பின் அதற்குள் போகும் ஒவ்வொரு கூட்டிலும் அதே கீறல் விழும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. பலமுறை சுட்ட கூட்டின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே உலோகம் இழுபட்டு மெலியும்; வெளியே ஒரு வளையம் தெரியும். அந்தக் கூட்டை இன்னொரு முறை சுட்டால் அது இரண்டாக அறுந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். அந்த வளையமும், கழுத்தில் விழும் மயிரிழை விரிசலும் புகைக்கறைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கருவி வாங்கும்போது கேட்க வேண்டியது, குற்றங்குறை தெரியும் அளவுக்கு அது கறையை எடுக்குமா என்பதைத்தான்.

மிகப் பழக்கமானது அதிர்வு டம்ப்ளர். ஸ்பிரிங்குகள் மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அடியில் ஒருபக்கமாகப் பாரம் வைத்த மோட்டார். மோட்டார் சுற்றினால் கிண்ணம் முழுவதும் குலுங்கும். உள்ளே தூளாக்கிய வால்நட் ஓட்டையோ, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டைப் பொடித்ததையோ நிரப்பிக் கூடுகளைப் போட்டுவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தால் போதும். வால்நட் ஓடு கடினமானது, கறையைச் சுரண்டும். சோளத்தூள் மெதுவானது, மெருகேற்றும். விலை குறைவு, தண்ணீர் வேண்டாம், உலர்த்தும் வேலையும் இல்லை. ஆனால் கூட்டின் உள்பக்கமும் பிரைமர் உட்காரும் குழியும் சுமாராகத்தான் சுத்தமாகும். பழைய பிரைமரைக் கழற்றிவிட்டுப் போட்டால், பொறி பாயும் சிறு துளையில் தூள் போய் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டியிருக்கும்.

ஈர முறை வேறொரு பொழுதுபோக்கிலிருந்து வந்தது. கூழாங்கற்களை மெருகேற்ற ஆசைப்படுவோருக்காகச் செய்யப்பட்ட ‘தம்லர்ஸ் டம்ப்ளர்’ என்ற ரப்பர் பூசிய அறுகோணப் பீப்பாயைத் துப்பாக்கிக்காரர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். அதற்குள் மெல்லிய எவர்சில்வர் கம்பித் துண்டுகள் போகும்: 1.2 மில்லிமீட்டர் தடிமன், ஆறரை மில்லிமீட்டர் நீளம். 15 பவுண்டு தாங்கும் பீப்பாய்க்குப் பலரும் சொல்லும் கணக்கு 5 பவுண்டு கம்பி, 2 பவுண்டு கூடு, ஒரு கேலன் தண்ணீர். அதோடு பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், சிட்ரிக் அமிலத் தூள் ஒரு சிட்டிகை. அமிலம் இங்கே செய்யும் வேலை தமிழ் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி செய்யும் வேலையேதான்: உலோகத்தின் மேல் படிந்த ஆக்ஸைடைக் கரைத்துவிடுகிறது. கம்பிகள் கூட்டுக்குள்ளும் நுழைந்து தேய்ப்பதால் உள்ளும் புறமும், பிரைமர் குழி உட்பட, புதிதுபோல் வெளிவரும். பிரைமரை முன்கூட்டியே கழற்றிவிடுவது இங்கே நல்லது. குழியும் கழுவப்படும், உலர்வதும் எளிது.

எவ்வளவு அமிலம் என்பதில் கை தாராளமாகிவிடக் கூடாது. அமிலம் மிஞ்சினால் பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து, கூடு செம்பின் இளஞ்சிவப்பு காட்டும். கம்பி ஒன்று உள்ளேயே சிக்கிக்கொண்டால் அது துப்பாக்கிக் குழலுக்குள் போய்விடும். காந்தத்தால் பொறுக்கிய பிறகும் ஒவ்வொரு கூட்டையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். நேரம் அதிகமானால் கூடுகள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பு நசுங்கும்.

மூன்றாவது வகை மீயொலித் தொட்டி. நகைக்கடையில் மோதிரம் கழுவும் அதே தொழில்நுட்பம். நொடிக்கு 40,000 முறை அளவில் அதிரும் தகடுகள் தண்ணீரில் நுண்ணிய குமிழ்களை உண்டாக்கி உடைக்கின்றன. உடையும் வேகத்தில் கறை பெயர்கிறது. நிமிடக் கணக்கில் வேலை முடிந்துவிடும், உள்மூலை வரை சுத்தமாகும். தேய்ப்பது எதுவும் இல்லாததால் பளபளப்பு வராது, ஒருமுறைக்குக் கொள்ளும் எண்ணிக்கையும் குறைவு.

எந்தக் கருவியை வாங்கினாலும் அதற்குள் என்ன ஊற்றுகிறோம் என்பதில் ஒரு தடை உண்டு: அம்மோனியா கலந்த எதுவும் கூடாது. இந்தப் பாடம் கற்கப்பட்ட இடம் இந்தியா.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மழைக்காலம் வந்தால் படை நடவடிக்கைகள் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்துவிட்டு, வானம் வெளுத்ததும் எடுப்பார்கள். எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்களில் விரிசல். குறிப்பாக, கூடு குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்தில். யாரும் சுடவில்லை, தட்டவில்லை, கீழே போடவில்லை. சும்மா இருந்த உலோகம் தானாகவே பிளந்திருந்தது. பருவத்துக்குப் பருவம் வந்த இந்தக் கோளாறுக்கு விளக்கம் கிடைத்தது 1921இல். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். லாயத்தில் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஒருபக்கம். தகட்டைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து இழுத்துக் கூடாக வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் மறுபக்கம். இரண்டும் சந்தித்தபோது விரிசல். அம்மோனியா பித்தளையின் படிக மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளில் புகுந்து அரிக்கிறது. உள்ளிருக்கும் இறுக்கம் அந்த வெடிப்பை இழுத்துத் திறக்கிறது. பொறியியல் கல்லூரிகளில் உலோக அரிமானம் கற்பிக்கும்போது இன்றும் இது பாடமாகச் சொல்லப்படுகிறது.

இதற்கு மருந்து, கூட்டின் கழுத்தை அளவாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவது. மிசௌரி மாநிலத்தின் லேக் சிட்டி ஆலையில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்படும் கூடுகளின் கழுத்தில் நீலமும் ஊதாவுமாக ஒரு கறை படிந்திருக்கும். சூடாக்கிய வேலை நடந்ததற்கு அது அடையாளம் என்பதால் ராணுவத்துக்கான கூடுகளில் அதைத் துடைப்பதில்லை. கடைக்கு வரும் தோட்டாக்களுக்கும் அதே சூடு காட்டப்படுகிறது. ஆனால் வாங்குபவர் கறையென்று முகம் சுளிப்பார் என்று மெருகேற்றி அனுப்புகிறார்கள். புதிதாக வாங்குபவருக்கோ மெருகேற்றிய கூடுதான் கண்ணுக்கு உயர்வாகத் தெரிகிறது.

ஆக, போலீஸ் பெல்ட் பக்கிளையும் என்சிசி மாணவர் பித்தளைப் பட்டையையும் மின்ன வைக்கும் பிராஸோ போன்ற பாலிஷ்களை இங்கே தொடக் கூடாது; அவற்றின் வாசனையே அம்மோனியாவைக் காட்டிக்கொடுக்கும். சோளத்தூளில் கலக்க அம்மோனியா இல்லாத மெருகுத் திரவங்கள் தனியாகக் கிடைக்கின்றன. கார் பாலிஷையே ஒரு மூடியளவு ஊற்றிக் காலம் ஓட்டுபவர்களும் உண்டு.

விரிசல் கூட்டைக் கெடுக்கும். அடுத்தது மனிதரையே கெடுக்கும். பெரும்பாலான பிரைமர்களில் பொறி தருவது காரீயம் சேர்ந்த லெட் ஸ்டிஃப்னேட் என்ற வேதிப்பொருள். சுட்ட பிறகு அதன் எச்சம் கூட்டுக்குள் நுண்பொடியாகத் தங்கிவிடுகிறது. அதிர்வு டம்ப்ளர் இந்தப் பொடியைத்தான் மணிக்கணக்கில் குலுக்கிக் காற்றில் கிளப்புகிறது; மூடியைத் திறந்து தூளைச் சலிக்கும்போது இன்னும் அதிகம். குழந்தைகளின் ரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கவனிக்க வேண்டிய எல்லையாக ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம் என்று 2021இல் குறைத்தது. ஒரு பொழுதுபோக்குக்காக அந்தப் பொடியை வீட்டுக்குள் தூவுவது பெரிய அநியாயம். உலர் கருவியைச் சுவரில்லாத தாழ்வாரத்திலோ திறந்த கொட்டகையிலோதான் ஓட்ட வேண்டும். நனைத்த துணித்துண்டு ஒன்றைத் தூளோடு போட்டால் பொடியைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கையுறையோடு எடுத்துப் போட்டுவிடலாம்.

வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் ஈர முறைக்குப் போவதே சரி; செலவும் வேலையும் கூடினாலும் காரீயம் தண்ணீரோடு அடங்கிவிடும். அந்தத் தண்ணீரை அடுப்படித் தொட்டியில் கொட்டக் கூடாது, சலிக்கும் பாத்திரம் சமையலுக்குத் திரும்பவே கூடாது. பீப்பாயை வாங்கும்போதே கம்பியைப் பிரிக்கும் சல்லடைக் கூண்டுக்கும், காந்தத்துக்கும், உலர்த்தும் ஏற்பாட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்தக் கடைசிச் செலவைத்தான்.

உலர்த்துவதிலும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வெயிலில் துண்டு விரித்துப் பரப்பினால் போதும். அவசரக்காரர்கள் பழம் உலர்த்தும் மின்பெட்டியைத் தனியாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சமையல் அவனில் வைத்தால் காரீயம் சாப்பாட்டுக்கு வரும் என்பது ஒன்று. சூட்டைக் கூட்டிவிட்டு மறந்தால் வருவது இன்னொன்று: 250 டிகிரி செல்சியஸ் வாக்கில் பித்தளை இளக ஆரம்பிக்கும். கழுத்து இளகியிருப்பது நல்லது, அடிப்பாகம் இளகினால் அந்தக் கூடு அழுத்தத்தைத் தாங்காது. அப்படிச் சூடேறிய கூடுகளை நசுக்கிக் குப்பையில் போடுவதைத் தவிர வழியில்லை.

வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் கைத்துப்பாக்கி சுடுபவர், தாழ்வாரம் உள்ளவர் என்றால் அதிர்வு டம்ப்ளரே போதும். அவருக்கு உள்பக்கக் கறை ஒரு பொருட்டே அல்ல. நீளத் துப்பாக்கியில் இருபது முப்பது கூடுகளை மட்டும் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துபவருக்குச் சிறிய மீயொலித் தொட்டி ஒத்துவரும். தொலைவிலுள்ள இலக்கில் குண்டுகளை ஒரே துளையாக அடிக்க முயலும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்களோ, மூன்று இயந்திரங்களையும் ஒதுக்கிவிடுவதுண்டு. கழுத்தின் உட்புறத்தில் படியும் மெல்லிய கரிப்படலம் குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே சீராக வழுக்கி வெளியேற உதவுகிறது என்பது அவர்களில் பலர் அனுபவத்தில் கண்டது. கம்பிகளால் அதை முழுக்கத் தேய்த்துவிட்டால் குண்டு கழுத்தில் ஒட்டிப் பிடிக்கிறது, ஒன்றுக்கொன்று வேகம் மாறுகிறது. அவர்கள் மேசையில் இருப்பது ஒரு நைலான் பிரஷ், கழுத்தின் வெளிப்புறத்தைத் துடைக்க ஒரு துணி, பிரைமர் குழியைச் சுரண்ட ஒரு சிறு கைக்கருவி.