காத்திருக்கும் நிரல்

நெடுந்தீவிலே கடை நடத்தும் ஒருவர், காலைப் படகிலே யாழ்ப்பாணத்துக்குச் சாமான் துண்டைக் கொடுத்தனுப்பியபின், மாலைப் படகு வரும்வரை துறையிலே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கடைக்குத் திரும்பி வியாபாரத்தைக் கவனித்து, படகு வந்ததும் சாமானை இறக்கிக்கொள்கிறார். வலையமைப்பின் வழியே தூரத்துக் கணினியொன்றிடம் விபரம் கேட்கும் நிரலும் இவ்வாறே நடந்துகொள்ளவேண்டும். பதில் வருவதற்கு விநாடியில் பத்திலொரு பங்கே ஆயினும், அதற்குள் கோடிக்கணக்கான கட்டளைகளை நிறைவேற்றவல்ல யந்திரம் சும்மா இருப்பது பெரும் விரயமாகும். சும்மா காத்திராமல் வேறு வேலையைக் கவனிக்கும் இம்முறையை ஒத்திசைவற்ற நிரலாக்கம் என்பர்.

நெடுங்காலம் இதனை எழுதியோர், பதில் வந்தபின் செய்யவேண்டிய காரியத்தைத் தனிச் செயற்கூறாக எழுதி முன்கூட்டியே ஒப்படைத்து வந்தனர். ஒரு பதிலை நம்பி அடுத்த கேள்வி, அதனை நம்பி இன்னொன்று என நீளும்போது, செயற்கூற்றுக்குள் செயற்கூறு புதைந்து, எழுதியவருக்கே காரியங்களின் கிரமம் விளங்காமற் போயிற்று. 2012இல் சீ ஷார்ப் மொழியும் 2017இல் ஜாவாஸ்கிரிப்டும் 'அவெயிட்' என்னும் சொல்லை ஏற்று, நடக்கும் கிரமத்திலேயே வரிவரியாக எழுத வழிசெய்தன. ஆயினும் அதனைப் பிரயோகிக்கும் செயற்கூறு 'அசிங்க்' என்ற அடையாளத்தைத் தாங்கவேண்டும். அதன் பதிலுக்குக் காத்திருப்பதும் அவ்வாறே தாங்கவேண்டும்.

எமது நாட்டிலேயே, டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தார் 2017இல் வெளியிட்ட பாலரினா மொழி இச்சுமையை நீக்கியது. அதிலே தூரத்துக் கணினியை அழைக்கும் வரி, ஓர் அம்புக்குறியுடன் சாதாரண வரிபோலவே நிற்கும்; பதில் வரும்வரை அவ்வரியை நிறைவேற்றும் இழையை மட்டும் நிறுத்திவைத்து, யந்திரத்தை வேறு வேலைக்குக் கொடுப்பது மொழியின் இயக்கச் சூழலின் பொறுப்பு. வாசிப்பவருக்கு இதனினும் பெரிய உபகாரம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

நயினாதீவுத் திருவிழாக் காலத்துப் படகுச் சேவைக்குப் பாலரினாவிலே நிரலொன்று எழுதுவதாகக் கொள்வோம். காற்றின் வேகத்தை அறிய இரண்டு விநாடியும், பயணிகளின் தொகையை அறிய மூன்று விநாடியும் ஆகுமாயின், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் ஐந்து விநாடி செல்லும். இரண்டையும் 'ஸ்டார்ட்' என்ற சொல்லால் தொடங்கிவைத்து, பின்னர் 'வெயிட்' என்ற சொல்லால் பதில்களைப் பெற்றால் மூன்றே விநாடி போதும். முதலாவதைத் தொடங்கிய மறுவரியிலேயே அதற்கு 'வெயிட்' எழுதுவோர் இந்த லாபத்தை இழப்பர். அச்சொல் பதில் தேவைப்படும் வரியிலேதான் வரவேண்டும். ஒன்றின் பதிலைக்கொண்டே மற்றதைக் கேட்கவேண்டியிருந்தாலோ, 'ஸ்டார்ட்' எதுவும் வேண்டாம்; இரண்டு அம்புக்குறி வரிகளே போதும். பதிலுக்குப் பதிலாகப் பிழை வருமாயின், 'வெயிட்'டின் முன் நிற்கும் 'செக்' என்ற சொல், அச்செயற்கூற்றை அழைத்த செயற்கூற்றிடம் அப்பிழையை உடனே ஒப்படைத்துவிடும்.