கடும் வெப்பம்: வீட்டிலும் வெளியிலும் கவனம்

ஓர் இடத்தில் பகல்நேர உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்கள் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால், மெட்மலேசியா அதை முதல் நிலை என அறிவிக்கும். 37-ஐத் தாண்டி 40 வரை சென்றால் வெப்ப அலை. 40-க்கு மேல் மூன்றாம் நிலை. 1998 ஏப்ரலில் பெர்லிஸ், சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த அளவு வெயில் வந்தால்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. இங்கு காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிர எளிதில் உலர்வதில்லை.

வீட்டில்

தகரக் கூரை வீடுகளிலும் அடுக்குமாடியின் மேல்தளத்திலும் சூடு இரவிலும் தங்கிவிடும். வெயில் விழும் பக்கத்துத் திரைச்சீலைகளைப் பகலில் மூடி வையுங்கள். வெளியே குளிர்ந்த பிறகு சன்னல்களைத் திறங்கள். மின்விசிறிக் காற்றே அனலாக வீசினால் அது மட்டும் போதாது. குளியுங்கள், ஈரத்துணியால் உடலைத் துடையுங்கள், அல்லது குளிரூட்டப்பட்ட இடத்தில் சில மணி நேரம் இருங்கள்.

வயது கூடும்போது தாக உணர்வு குறையும். “தாகமே இல்லை” என்று பாட்டி சொன்னாலும் தம்ளரைக் கையில் கொடுங்கள். தனியே வசிக்கும் முதியவர்களை நாளுக்கு இருமுறையாவது பாருங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். சிறுநீரக நோயாளிகளும், தண்ணீரின் அளவைக் குறைக்கும்படி சொல்லப்பட்ட இருதய நோயாளிகளும் எவ்வளவு குடிக்கலாம் என மருத்துவரிடம் கேளுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோயாளிகளுக்கு அது ஒத்துவராமல் போகலாம். இரத்த அழுத்த மாத்திரையையோ நீர் மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வெளியில்

கடினமான வேலையையும் விளையாட்டையும் காலை 11 மணிக்கு முன் அல்லது மாலை 4 மணிக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். பத்துமலைக்குச் செல்பவர்கள் 272 படிகளையும் காலையிலேயே ஏறுவது நல்லது. நண்பகலில் வெறுங்காலுக்குச் சிமெண்டுத் தரை பொறுக்காது. நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்குச் சுட்டதுகூடத் தெரியாது.

நிறுத்திய காரினுள் பத்தே நிமிடங்களில் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி உயரும். “ரொட்டி வாங்கிக்கொண்டு உடனே வந்துவிடுவேன்” என்றுகூடப் பிள்ளையைக் காரில் விட்டுச் செல்லாதீர்கள். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை.

ஹீட் ஸ்ட்ரோக்

“ஸ்ட்ரோக்” என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்குப் பக்கவாதம் நினைவுக்கு வரும். இது வேறு. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறுவதே இது. உளறல், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவை அறிகுறிகள். தோல் உலர்ந்திருக்கலாம், வெயிலில் உழைத்தவருக்கு வியர்த்தும் இருக்கலாம். வியர்க்கிறதே என்று காத்திருக்க வேண்டாம்.

உடனே 999-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்காதீர்கள்: நிழலுக்குக் கொண்டு சென்று, கூடுதல் உடைகளைக் களைந்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. விரல் நுனியில் ஊசி குத்துவதாலும் பயனில்லை. ஆம்புலன்ஸ் ஊழியரிடம், அவர் எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார், என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று சொல்லுங்கள்.