தையல் மிஷினில் பிறந்த நாதம்

மெல்லிசைக் கச்சேரிக்குப் போயிருப்பீர்கள். பாடுகிறவரைப் பார்க்கிறோம், தபேலாக்காரரைப் பார்க்கிறோம், புல்லாங்குழல் இழையும்போது தலையை ஆட்டுகிறோம். மேடையின் ஓரத்தில், நாலு தடித்த தந்திகள் கட்டிய நீளமான கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் அடக்கமாக நிற்பாரே, அவரை யார் பார்க்கிறார்கள்? அவர் வாசிப்பதை நிறுத்தினால்தான் அவருடைய அருமை தெரியும். உப்பில்லாத பருப்புப்போல் பாட்டு சப்பென்று ஆகிவிடும்.

அந்த வாத்தியத்துக்குப் பேஸ் கிதார் என்று பெயர். 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் திரையுலகுக்கு வந்த இளையராஜாவின் பாட்டுகள் பலவற்றில் அடியில் ஒரு கனமான நாதம் நடந்துகொண்டே இருக்குமே, அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. வீணைக்குக் குடம் உண்டு; மிருதங்கத்துக்கு வயிறு உண்டு. மேடையில் பார்க்கும் இந்தப் பேஸ் கிதாருக்கோ பெரும்பாலும் கெட்டிப் பலகைதான் உடம்பு. மின்சாரம் இல்லாமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. தந்திகளுக்கு அடியில் சிறு கறுப்புப் பெட்டி ஒன்று பதித்திருப்பார்கள். அதைப் 'பிக்கப்' என்கிறார்கள். வாத்தியத்துக்குக் காது அதுவே. காது போய்விட்டால் வாத்தியம் வெறும் பலகை.

விருதுநகரில் நான் பார்த்த ஒரு வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. வீட்டுக்காரர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். அவர் மனைவி தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைக்கிறவர். பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பங்குனிப் பொங்கல் சமயத்தில் ஒரு கச்சேரியில் வாசிக்க அவனுக்கு முதன் முதலாக அழைப்பு வந்தது. கையில் இருந்ததோ யாரோ வாசித்துக் கழித்த பழைய கிதார். அதன் பிக்கப் செத்துக் கிடந்தது. புதிது வாங்குவதென்றால் அம்மாவின் பல நாள் தையல் கூலியைக் கொட்ட வேண்டும்.

"நானே செஞ்சுக்கிறேம்மா" என்றான் பையன்.

"அதுக்குள்ள என்னதான் இருக்கு? காட்டு, பார்ப்போம்."

திறந்து காட்டினான். அம்மாள் சிரித்துவிட்டாள். "இம்புட்டுத்தானா! காந்தமும் நூல்கண்டும்!"

உண்மை அதுதான், சகோதரிகளே. நூல் மட்டும் செம்பு நூல். காந்த சக்தி மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் கம்பிச் சுருள் இருந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் லண்டனில் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். இளமையில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர் அவர். பிக்கப்பில் நடப்பதும் இதுவே. காந்தத்தின் எதிரே இரும்புத் தந்தி அதிர்கிறது. சுருளில் மெல்லிய மின்சாரம் அதே தாளத்தில் அசைகிறது. பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிரும். ஆம்பிளிபயர் அதைப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. நைலான் தந்திக்கு இந்த வித்தை பலிக்காது. மாண்டலின் ஸ்ரீநிவாஸின் மின்சார மாண்டலினுக்கும் இப்படி ஒரு காந்தக் காதுதான்.

முதன் முதலில் இதைச் செய்தவரும் பெரிய விஞ்ஞானி அல்ல, ஒரு வாத்தியக்காரர். அமெரிக்காவில், லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மாதக் கணக்காக முயன்று 1931-இல் வெற்றி பெற்றார். சுருளைச் சுற்ற அவர் பிடித்தது துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டார் என்கிறார்கள். இல்லை, தையல் மிஷின் மோட்டார்தான் என்பாரும் உண்டு. எப்படியானாலும் வீட்டுக்கார அம்மாளின் சாமான்! அந்தக் கிதாரின் வட்டமான உருவத்தைப் பார்த்து 'வாணலி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1937-இல் அதற்குப் பேட்டண்ட் கிடைத்தது. பிறகு 1951-இல், ரேடியோ பழுது பார்த்துத் தொழிலைத் தொடங்கிய லியோ பெண்டர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கிதார் உலகெங்கும் பரவியது.

விருதுநகர்ச் சீமைக்கும் இந்தத் துணிச்சல் புதிதல்ல. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய சிவகாசி.

இனி, தாயும் பிள்ளையும் செய்த வேலையைக் கேளுங்கள். ஹைலம் தகட்டில் நீளமான இரண்டு பட்டைகள் வெட்டினான் பையன். ஒரு தந்திக்கு இரண்டு வீதம் எட்டு உருளைக் காந்தங்களை, எல்லாவற்றுக்கும் ஒரே முனை மேலே வரும்படி, பட்டைகளுக்கு நடுவே நிறுத்தினான். கம்பி உரசாமலிருக்கக் காந்தங்களைச் சுற்றி டேப் ஒட்டினான். சுற்ற வேண்டிய எனாமல் கம்பியின் கனம் 0.063 மில்லிமீட்டர், தலைமுடிக்குச் சமானம். மோட்டார் காயில் கட்டும் கடையில் அவ்வளவு மெல்லியது கிடைக்கவில்லை. மதுரைக்குப் போய் வாங்கி வந்தான்.

சுற்ற வேண்டியதோ 8000 சுற்று! கம்பியின் நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். எடையோ ஐம்பது கிராமுக்குள். பையன் கையால் சுற்றிப் பார்த்தான். ஆயிரத்தை எட்டுவதற்குள் கம்பி அறுந்தது. அம்மாள் அவனை எழுப்பிவிட்டாள். தையல் மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றும் கதிரில் ஒரு சின்ன மரத்துண்டைச் செருகி, அதில் பிக்கப்பை ஒட்டச் சொன்னாள். பெரிய சக்கரம் ஒரு தடவை சுற்றினால் கதிர் ஐந்து தடவை சுற்றியது. ஆக, 1600 சக்கரச் சுற்று போதும். பையன் சக்கரத்தை மெதுவாகத் திருப்ப, அம்மாள் விரல்களுக்கிடையே ஒரு பருத்தித் துணியை மடித்துக் கம்பியை அதன் வழியே விட்டாள். நூறு சக்கரச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. பத்தாவது கொட்டையில் கம்பி மறுபடி அறுந்தது. பேசாமல் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பதினாறு கொட்டைகளும் வரிசையில் இருந்தன. மீட்டரை வைத்துப் பார்த்தால் ஏழாயிரம் ஓம்களுக்குக் கொஞ்சம் மேல். கம்பி எங்கும் அறவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அப்போதுதான் தகப்பனார் குறுக்கே வந்தார். கம்பி முனைகளைப் பற்றவைக்க வேண்டும். மெழுகைச் சூடாக்க வேண்டும். இரண்டும் நெருப்பு வேலை.

"இந்த வீட்டுக்குள்ள பொறி வரக் கூடாது. நான் எந்தத் தூசியோட வேலை முடிஞ்சு வர்றேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அலுமினியத் தூளும் கந்தகமும் படிந்த சட்டைக்கு ஒரு பொறி போதும். ஆகவே, பற்றவைக்கும் வேலை கடைத்தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் நடந்தது. மெழுகு வேலை, அவர் குளித்து உடை மாற்றி, வேலைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கண்முன்னாலேயே நடந்தது. இண்டக்‌ஷன் அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரம். அதற்குள் மெழுகுப் பாத்திரம். நாலு பங்கு மெழுகுவர்த்தி மெழுகு, ஒரு பங்கு தேன்மெழுகு. சூடு 65 டிகிரியைத் தாண்டவில்லை. சுற்றுகளுக்கு இடையே மெழுகு இறங்கினால்தான் கம்பி ஆடாமல் இருக்கும். ஆடினால் மேடையில் 'கீ' என்று அலறும்.

எல்லாம் பூட்டி ஆம்பிளிபயரோடு இணைத்தார்கள். தந்தியை மீட்டினான். நாதம் வந்தது! கூடவே 'ங்ங்ங்' என்று ஓயாத இரைச்சலும் வந்தது. பையனின் முகம் வாடிவிட்டது. கச்சேரிக்கு இன்னும் நாலே நாள். ஒயர் செருகும் உலோகத் துளையை அவன் விரல் தற்செயலாகத் தொட்டது. இரைச்சல் அடங்கியது. எடுத்தான், மறுபடி வந்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த தகப்பனார் எழுந்து வந்தார். "தொட்டா அடங்குதுன்னா எர்த் சரியாப் போகலைடா. நாங்க ஷெட்டு வாசல்ல செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தானே உள்ள காலெடுத்து வைக்கிறோம்? உடம்புல இருக்கிற கரண்ட்டு மண்ணுக்குப் போகணும்ல? உன் தந்திக்கு எர்த் இருக்கா?"

இல்லை. தந்திகள் மாட்டியிருக்கும் உலோகப் பாலத்திலிருந்து ஒரு கம்பியை அந்தத் துளையின் எர்த் முனைக்கு இழுத்தான். தந்தியில் கை வைத்ததும் இரைச்சல் அடங்கிவிட்டது. நெருப்புக்குப் பயந்து வேண்டாம் என்றவருக்கு அந்தப் பயம் சொல்லிக்கொடுத்த பாடமே பையனின் வாத்தியத்தைக் காப்பாற்றியது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதில் இறங்கினால் தடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிக்கப்பில் பிறக்கும் மின்சாரத்தால் எறும்புக்குக்கூடத் தீங்கில்லை. ஆபத்தெல்லாம் ஆம்பிளிபயரில். வாசிக்கிறவரின் கை தந்தி வழியாக அதனோடு இணைந்திருக்கிறது. ஆகையால் மூன்று கம்பி பிளக்கும், சரியான எர்த்தும் கட்டாயம் வேண்டும்.

கச்சேரியன்று நான் பெண்கள் வரிசையில் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் பாடகியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாள் மட்டும் மேடையின் ஓரத்தையே பார்த்தாள். முதல் பாட்டு முடிந்ததும் என் காதருகே குனிந்து சொன்னாள்:

"கேட்டீங்களா? எட்டாயிரம் சுத்து!"